வெந்நீர் பீறிடும் ஊரில் வெள்ளைப் பீங்கான் பிறந்தது தெரியுமா?

கைப்பிடியில் வாய் வைத்துக் குடிக்கும் கோப்பையைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டையான உடம்பு, பக்கவாட்டில் வளைந்த கைப்பிடி, அந்தக் கைப்பிடிக்குள்ளே அடியிலிருந்து நுனிவரை ஓடும் துளை! கோப்பையின் விளிம்பை யாரும் உதட்டில் வைப்பதில்லை. கைப்பிடியின் நுனியில் வாய் வைத்து, மெல்ல மெல்ல உறிஞ்சியபடி நடக்கிறார்கள். செக் குடியரசின் மேற்கே இருக்கும் கார்லோவி வாரி நகரில் காலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் காட்சிதான். கோப்பைக்குள் இருப்பது காபியும் அல்ல, டீயும் அல்ல. நிலத்தடியிலிருந்து சூடாகவே பொங்கி வந்த ஊற்றுநீர்!

ஏன் இந்த விசித்திரக் கைப்பிடி? நீர் சூடு. மடக் மடக்கென்று குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது. துளை வழியாக வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். தாது உப்பு நிறைந்த நீர் பல்லில் பட்டுக் கறை படியாமல் இருக்கவும் இதுதான் வழி என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இதில் என்னை அசர வைத்தது கோப்பையின் வடிவம்கூட அல்ல. அந்த நீர் வருவதும், அந்தக் கோப்பைக்கான மண் வருவதும் ஒரே பாறையிலிருந்து! ஊற்றைத் தந்த கிரானைட்தான் பீங்கானையும் தந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால், ஜெர்மனிச் சிறைக்கூடம், கல்லாகிப் போன ரோஜா, பன்றிகள் கண்டுபிடித்த ஊர், ஜப்பானில் காணாமல் போன ஒரு மலை என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. வாருங்கள்!

நிமிடத்துக்கு 2,000 லிட்டர்!

கார்லோவி வாரியின் ஊற்றுகளில் பெரியது வ்ரீட்லோ. ஊரின் நடுவே 12 மீட்டர் உயரம்வரை எகிறிப் பாய்கிறது, கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம். சூடு 73 டிகிரி செல்சியஸ். இதைத் தள்ளிவிட மோட்டார் ஏதும் இல்லை. மூடியைத் திறந்த சோடா பாட்டில்போல, நீருக்குள் அடைபட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவே அதை மேலே வீசியடிக்கிறது.

நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் நீர். அதில் ஒவ்வொரு லிட்டரிலும் கரைந்திருக்கும் தாது உப்புகள் 6 கிராமுக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 12 கிலோ, ஒரு நாளுக்கு 17 டன்! பூமி தன் வயிற்றிலிருந்து தினமும் இரண்டு லாரி உப்பைக் கரைத்து அந்தச் சின்ன ஊருக்குள் கொட்டுகிறது.

அவ்வளவு உப்பும் சும்மா இருக்குமா? நீர் வெளியே வந்து வாயு பிரிந்ததும், கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து அரகோனைட் என்னும் கல்லாகப் படிகிறது. ஒரு காகித ரோஜாவை அந்த நீரில் வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து எடுத்தால், செம்பழுப்பு நிறத்தில் கல் ரோஜா! இதழின் மடிப்புகள் அப்படியே இருக்கும். மேலே மட்டும் சர்க்கரை தூவியதுபோன்ற சொரசொரப்பான கல் தோல். கார்லோவி வாரியிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் வாங்கிவரும் நினைவுப் பொருள்களில் இதற்கு இன்றும் தனி மவுசு. கடையில் விற்கும் ரோஜாவை விடுங்கள், ஊரின் ஒரு பகுதியே இப்படி ஊற்று படியவைத்த கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது! பழைய காலத்தில் இந்தக் கல் ஓட்டை உடைத்துக்கொண்டு ஊற்று எதிர்பாராத இடத்தில் வெடித்துக் கிளம்பியதும் உண்டு. இன்றும் ஊற்றின் ஆழ்துளைக் குழாய்களை அடிக்கடி சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

சின்னச் சின்ன ஊற்றுகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் அடியில் ஒரே நீர்தான். மேலே வரும் வழியில் ஒன்று அதிகம் ஆறுகிறது, ஒன்று குறைவாக ஆறுகிறது. சூடு குறைந்த ஊற்றில் வாயு கூடுதலாகத் தங்குகிறது. அதனால் பத்தடி தள்ளிப் பிடித்தால் ருசி வேறு. அதனால்தான் எந்த ஊற்றிலிருந்து, எத்தனை கோப்பை, எந்த நேரத்தில் என்று மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார்.

தோல் வெடிக்கும்வரை குளித்தார்கள்!

நான்காம் கார்ல் என்ற பேரரசர் வேட்டைக்குப் போனபோது, மானைத் துரத்திய நாய் வெந்நீரில் விழுந்து அலறியது, அப்படித்தான் ஊற்று தெரியவந்தது என்பது ஊர்க் கதை. கதை எப்படியோ, 1370இல் அவர் இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்தது வரலாறு. ஊரின் பெயரே அவருடையதுதான்.

ஆரம்பத்தில் யாரும் இந்த நீரைப் பெரிதாகக் குடிக்கவில்லை. தொட்டியில் இறங்கி மணிக்கணக்காக ஊறினார்கள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்கூட! தோல் வெடித்துப் புண்ணானால் நோய் வெளியேறுகிறது என்று நம்பினார்கள். 1522இல் வாட்ஸ்லாவ் பயர் என்ற மருத்துவர் இந்த ஊற்றுகளைப் பற்றி முதல் மருத்துவ நூலை வெளியிட்டு, குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும் என்றார். அவ்வளவுதான், காற்று அந்தப் பக்கம் அடித்தது. பிறகு ஒரு நாளைக்கு டஜன் கணக்கில் கோப்பைகளைக் குடிக்கச் சொல்லும் காலமும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற மருத்துவர்தான் இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்: அளவோடு குடி, ஊற்றுக்கே போய்க் குடி, குடித்துவிட்டு நட!

"நட" என்ற அந்த ஒரு சொல் ஊரின் முகத்தையே மாற்றிவிட்டது. மழையிலும் வெயிலிலும் நடக்க வேண்டுமே, அதற்காக எழுந்தவைதான் நீண்ட தூண் மண்டபங்கள். ப்ராக் நகரின் தேசிய நாடக அரங்கைக் கட்டிய யோசெஃப் ஸீடெக், 1871 முதல் 1881 வரை இங்கே கட்டிய மில் மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள்! நடந்துகொண்டே குடிக்க வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோகக் கோப்பை வேண்டும் அல்லவா? அங்கேதான் பீங்கான்காரர்களுக்கு வேலை வந்தது.

இங்கே வந்துபோனவர்கள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ரஷ்யாவின் மகா பீட்டர் 1711இலும் 1712இலும். ஜெர்மன் கவிஞர் கேத்தே 13 முறை. கார்ல் மார்க்ஸ் 1874, 1875, 1876 என்று அடுத்தடுத்து மூன்று கோடைகள். துருக்கியின் அத்தாதுர்க் 1918இல். 1835இல் இசைமேதை ஷோபன் தன் பெற்றோரைச் சந்தித்தது இங்கேதான். அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. எல்லாவற்றிலும் மனத்தை அறுப்பது இசையமைப்பாளர் பாக்கின் கதை. 1720இல் தன் எஜமானரான இளவரசருடன் அவர் கார்லோவி வாரிக்கு வந்தார். நலமாக விட்டுவந்த மனைவி மரியா பார்பரா, அவர் வீடு திரும்பும்போது இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது.

பாறைக்குள் இரட்டைப் பிள்ளைகள்!

கேத்தே வந்தது நீருக்காக மட்டுமல்ல. கற்களுக்காகவும்! சுற்று வட்டாரத்து மலைகளில் ஏறி இறங்கிக் கற்களைச் சேர்த்தார், அவற்றைப் பற்றி எழுதினார். அவர் கண்ணில் பட்டவற்றில் ஒன்று இன்று நிலவியல் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அதன் பெயர் 'கார்ல்ஸ்பாட் இரட்டை'. கார்ல்ஸ்பாட் என்பது இதே ஊரின் ஜெர்மன் பெயர். இங்குள்ள கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவின் படிகங்கள், இரண்டு இரண்டாக ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி ஒட்டிப் பிறக்கின்றன. விரல் நீளத்துக்கு, கட்டை மாதிரி, ஓரங்கள் சீவினாற்போல் இருக்கும். மழையும் பனியும் கிரானைட்டை அரித்தபின் இவை மட்டும் முழுசாகத் தரையில் கிடக்கும். கையில் எடுத்து வெயிலில் சாய்த்தால் ஒரு பாதி மின்னும், மறுபாதி மங்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மங்கியது மின்னும்!

இந்த ஃபெல்ட்ஸ்பார்தான் நம் கதையின் நாயகன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியில் வெப்பமும் ஈரமும் நிறைந்த தட்பவெப்பம் நிலவிய காலத்தில், நீர் கிரானைட்டுக்குள் ஊறி ஊறி ஃபெல்ட்ஸ்பாரைச் சிதைத்தது. பொட்டாசியம் கரைந்து போனது. எஞ்சியது மாவுபோல் மென்மையான வெண்மண். அதுதான் கயோலின், பீங்கானின் உயிர். கார்லோவி வாரிக்குப் பக்கத்திலுள்ள செட்லெட்ஸ் ஊரின் கயோலின் எவ்வளவு சுத்தமானது தெரியுமா? உலகத்தில் எங்கே கயோலின் கிடைத்தாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக இந்த ஊர் மண்ணைத்தான் வைத்திருந்தார்கள்!

இன்னும் ஒன்று சொன்னால் சிலிர்க்கும். கிரானைட்டில் முக்கியமாக இருப்பவை ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா. கெட்டிப் பீங்கானுக்குத் தேவையானவை என்ன? சுமார் பாதி கயோலின், மீதியில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். அதாவது சிதைந்த ஃபெல்ட்ஸ்பார், சிதையாத ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ்! மைக்காவைக் கழித்துவிட்டால் பீங்கான் என்பது கிரானைட்டைப் பிரித்து, இடித்து, மறுபடி சேர்த்துச் சூளையில் வைத்த பொருள். 1,400 டிகிரி சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, கயோலினின் இடுக்குகளையெல்லாம் நிரப்புகிறது. அதனால்தான் பீங்கான் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, சுண்டினால் மணிபோல் ஒலிக்கிறது, விளக்கின் முன் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரிகிறது. சூளையில் வேகும்போது ஆறில் ஒரு பங்கு சுருங்கியும் போகிறது; ஒவ்வொரு கோப்பையையும் பெரிதாகச் செய்தால்தான் நினைத்த அளவில் கைக்கு வரும்!

அந்தக் கிரானைட்டின் விரிசல்கள் வழியாகத்தான் வ்ரீட்லோவின் வெந்நீரும் மேலே வருகிறது. பாறையின் பிளவு ஊற்றைத் தந்தது, பாறையின் சிதைவு பீங்கானைத் தந்தது.

தங்கம் செய்யப் போனவன் பீங்கான் செய்தான்!

ஆனால் மண் காலடியில் கிடந்தும் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் இந்த ரகசியம் தெரியவில்லை. சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கான் செய்து உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோதுகூடச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன! ஐரோப்பிய அரசர்களுக்கோ அது தங்கத்துக்குச் சமம். ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னர் 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். விலையாகக் கொடுத்தது என்ன தெரியுமா? தன் படையின் டிரகூன் என்ற குதிரை வீரர்கள் 600 பேரை! டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் அந்த ஜாடிகள் 'டிரகூன் ஜாடிகள்' என்ற பெயரிலேயே இன்றும் நிற்கின்றன. 600 மனிதர்களை 151 பாத்திரங்களுக்கு விற்றதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. அந்த ஜாடிகளைப் பார்க்கிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.

அதே அகஸ்டஸிடம்தான் யோஹான் ஃப்ரீட்ரிஷ் பெட்கர் என்ற இளைஞன் மாட்டிக்கொண்டான். தனக்குத் தங்கம் செய்யத் தெரியும் என்று வாய்விட்டதுதான் அவன் செய்த பிழை. மன்னர் பிடித்து அடைத்து வைத்தார், "செய்!" என்றார். தங்கம் வரவில்லை. ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞர் அவனைப் பீங்கான் ஆராய்ச்சிக்குத் திருப்பினார். 1708இல் வெள்ளைப் பீங்கான் பிறந்தது. 1710இல் மெய்சன் தொழிற்சாலை அரசாணையோடு தொடங்கியது. கயோலின் எப்படிக் கிடைத்தது என்பதற்கு அழகான கதை ஒன்று சொல்வார்கள்: தலையில் வைக்கும் பொய்முடிக்குத் தூவும் பவுடர் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதே என்று பெட்கர் சந்தேகப்பட்டு, அதையே சூளையில் போட்டுப் பார்த்தானாம்! கதையோ நிஜமோ, முதல் மெய்சன் பீங்கான்களுக்கு மண் வந்தது எர்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள அவுயே ஊரிலிருந்து என்பது நிஜம். அந்த மலைத்தொடரின் மறுபக்கத்தில்தான் நம் கார்லோவி வாரி!

மலைக்கு இந்தப் பக்கம் பீங்கான் வர இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. மண் இல்லாமல் அல்ல, அனுமதி இல்லாமல்! மெய்சனிலிருந்து ஓடிவந்த கைவினைஞர்களைக் கொண்டு 1718இல் வியன்னாவில் ஒரு பட்டறை எழுந்திருந்தது. பின்னாளில் அது அரசுடைமையானது. இந்தப் பக்கத்தையும் ஆண்ட வியன்னா, தன் பட்டறைக்குப் போட்டி வர விடவில்லை. இருந்தும் 1792இல், வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஹோர்னி ஸ்லாவ்கோவ் ஊரில் சூளை மூட்டினார்கள். 1794இல் கிளாஷ்டெரெட்ஸ். 1803இல், கார்லோவி வாரிக்கு அடுத்துள்ள பிர்கன்ஹாமர். அதன் முத்திரை, குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள். நீர் குடிக்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் வாசலிலேயே வாடிக்கையாளர்களாகக் கிடைத்தார்கள். ஊற்று மண்டபத்தையும் மலைக்காட்சியையும் கோப்பையில் மயிரிழைத் தூரிகையால் வரைந்து, விளிம்பில் தங்கம் பூசிக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தின் இளஞ்சிவப்புப் பீங்கானைப் பார்த்திருந்தால், நிறம் மேலே பூசியது என்றுதான் நினைத்திருப்பீர்கள். இல்லை! நிறத்தை மண் கலவையிலேயே குழைத்துவிடுகிறார்கள். உடைந்தாலும் உள்ளே இளஞ்சிவப்புதான்.

பன்றிகள் கண்டுபிடித்த ஊற்று, சுரங்கம் விழுங்கிய ஊற்று!

கார்லோவி வாரியிலிருந்து வடகிழக்கே தெப்லிட்ஸே. 762இல் பன்றிகள் வெந்நீரில் விழுந்து அலறியதால் அங்கே ஊற்று தெரிந்தது என்கிறது பழங்கதை. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஊற்றைக் கண்டுபிடித்ததும் பன்றிகள்தான் என்கிறது அந்த ஊர்க் கதை! 1812இல் கேத்தேயும் பீத்தோவனும் சந்தித்தது தெப்லிட்ஸேயில்தான்.

அந்த ஊற்றுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பனை மாபெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதே நாளில், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தெப்லிட்ஸே ஊற்று கலங்கியது, சற்று நின்றது, பிறகு செந்நிறச் சேற்றோடு பொங்கிப் பாய்ந்தது! அங்கே யாரும் அதிர்வை உணரவில்லை. ஊற்றுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இயற்கை செய்யாததை 1879 பிப்ரவரியில் மனிதன் செய்தான். பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்று நிலத்தடி நீர் தேங்கிய பாறையை உடைத்துவிட்டது. வெள்ளம் சுரங்கங்களை நிறைத்தது, தொழிலாளர்கள் மாண்டார்கள். மூன்று நாளில், ஆயிரம் ஆண்டுப் புகழ் பேசிய தெப்லிட்ஸே ஊற்று வற்றியது! பிறகு தோண்டிக்கொண்டே போய், வெகு ஆழத்தில்தான் அதை மறுபடி பிடித்தார்கள். அன்று முதல் அது தானாக வரும் ஊற்றல்ல, இறைத்து எடுக்கும் நீர். ஊற்றைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை வகுத்து, அதற்குள் சுரங்கம் தோண்டக் கூடாது என்ற எண்ணம் வலுத்தது இந்தப் பேரிழப்புக்குப் பின்புதான்.

அதே தெப்லிட்ஸே வட்டாரம் பீங்கானில் செய்த சாதனை சாதாரணமானதல்ல. ஒட்டியிருக்கும் டுபீ ஊரில் 1885 முதல் 'வெங்காயப் பூ' என்று பெயர்பெற்ற நீலச் சித்திரப் பீங்கானைச் செய்கிறார்கள். உற்றுப் பாருங்கள், அதில் ஒரு வெங்காயம்கூட இல்லை! மெய்சன் ஓவியர்கள் 1740ஐ ஒட்டிச் சீனத் தட்டுகளைப் பார்த்து மாதுளையும் பீச் பழமும் வரைந்தார்கள். அந்தப் பழங்களைப் பார்த்திராத ஐரோப்பியர்கள் வெங்காயம் என்று நினைத்துவிட்டார்கள். தூரிகையில் தொடும்போது கோபால்ட் மை மங்கலாகத்தான் தெரியும். மேலே கண்ணாடிப் பூச்சு ஏற்றிச் சூளையில் வைத்து எடுத்தால்தான் அந்தக் கடல் நீலம்! 1,400 டிகிரியைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில; கோபால்ட் அவற்றில் தலையாயது. நீல வெள்ளைப் பீங்கான் உலகத்தையே ஆண்டதற்கு இது முக்கியக் காரணம்.

1892இல் அதே ஊர்ப்பக்கம் தொடங்கிய பட்டறை ஒன்று 'ஆம்போரா' ஜாடிகளால் உலகப் புகழ் பெற்றது. ஜாடியின் கழுத்தைச் சுற்றி டிராகன், பிடியாக வளையும் கொடி, பூச்சூடிய பெண் முகத்தைச் சுற்றித் தங்கப் புள்ளிகள். தொட்டால் சிலந்தி வலையின் இழைகூட விரலில் தட்டுப்படும். இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவுகடந்த ஆசைதான் பிடித்திருக்கிறது.

ஜப்பானில் ஒரு மலை தட்டுகளாகிப் போனது!

வெந்நீரும் பீங்கானும் சேர்ந்தே இருப்பது கார்லோவி வாரியும் தெப்லிட்ஸேயும் இருக்கும் போஹேமியாவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் தென்மேற்கே சாகா மாநிலத்தில் அரிதா. அக்கம்பக்கத்தில் தகேயோ, உரெஷினோ என்ற புகழ்பெற்ற வெந்நீர் ஊற்று ஊர்கள். உரெஷினோவின் நீரில் சோடா உப்பு அதிகம். அதில் தோஃபுவைப் போட்டுச் சூடாக்கினால் ஓரமெல்லாம் கரைந்து, நீரே பால்போல் வெளுத்துவிடும். அந்த ஊரின் சிறப்பு உணவே அதுதான்!

1592 முதல் 1598 வரை கொரியாமீது நடந்த படையெடுப்புகளில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங் 1616இல் அரிதாவின் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டார் என்பது மரபு. அந்தக் கல் எப்படி உண்டானது தெரியுமா? எரிமலைப் பாறையை நிலத்தடி வெந்நீர் ஊடுருவி, நிறமெல்லாம் போக்கி, வெள்ளைக் கல்லாக்கியது! போஹேமியாவில் மழைநீர் மெல்லச் செய்த வேலையை இங்கே கொதிநீர் செய்திருக்கிறது. அந்த மலையை 400 ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். இன்று அங்கே மலை இல்லை, பெரும் பள்ளம்தான். மலை முழுக்கத் தட்டாகவும் கிண்ணமாகவும் உலகமெங்கும் போய்விட்டது!

1640களில் ககியேமோன் குடும்பத்தார் பீங்கானில் சிவப்புப் பூக்களைத் தீட்டத் தொடங்கினார்கள். சீனாவில் ஆட்சி மாறிக் குழப்பம் நிலவியதால் சரக்கு நின்றுபோக, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் அரிதாவுக்குக் கொடுத்த ஆர்டர் 56,700 உருப்படிகள்! அந்தச் சரக்கு ஐரோப்பா போய்ச் சேர்ந்தபின், ககியேமோன் பூக்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியது யார்? அதே மெய்சன்!

அரிதாவின் சந்துகளில் நடப்பவர்கள் சுவர்களைப் பார்க்க வேண்டும். இடித்த சூளைகளின் பழைய செங்கற்களையும் உடைந்த ஓடுகளையும் சிவப்பு மண்ணில் புதைத்துக் கட்டியவை. பல தலைமுறைத் தீயில் வெந்த கற்கள். அவற்றின்மேல் சாம்பல் உருகி வழிந்து, பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. அங்குள்ள தோசான் கோயிலின் வாயில் வளைவு பீங்கானால் ஆனது! 1888இல் செய்தது. வெள்ளை உடம்பில் நீலக் கொடிகளோடு வெயிலிலும் மழையிலும் இன்றும் நிற்கிறது.

பாத் நகரத்தைப் பற்றியும் ஓரிரு வரி சொல்லிவிட வேண்டும். அங்கே 46 டிகிரியில் நாளுக்கு 11 லட்சம் லிட்டருக்கும் மேல் ஊறும் வெந்நீரில் ரோமானியர்கள் ஈயத் தகட்டில் சாபம் எழுதிப் போட்டார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. நீராட வரும் பணக்காரர்களைக் குறிவைத்து, புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெஜ்வுட் 1772இல் அங்கேயே கடை திறந்தார். எந்த நாடானாலும் ஊற்றுக்குக் கூட்டம் வரும், கூட்டத்தைத் தேடிப் பாண்டங்களும் வரும்!

2021இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் மகத்தான ஊற்று நகரங்கள் என்று 7 நாடுகளின் 11 ஊர்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாத்தும் கார்லோவி வாரியும் அதில் இருக்கின்றன. என்றாவது ஒருநாள் கார்லோவி வாரிக்குப் போக வாய்த்தால், காலையில் வெறும் வயிற்றோடு மண்டபத்துக்குப் போங்கள். சூடு குறைந்த ஊற்றிலிருந்து தொடங்குங்கள். மெல்ல நடந்துகொண்டே கைப்பிடி வழியாக உறிஞ்சுங்கள். உப்புக்கரிப்பும் இரும்பு வாடையுமாக இருக்கும், முகம் சுளிக்க வேண்டாம். இது மருந்து நீர். நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மண்டபத்து ஊற்றுகளில் நீருக்குக் காசு கிடையாது. கோப்பையை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.